ஆழமாகத் தோண்டிய ஏரி ஏன் நிரம்பவில்லை?

காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "எங்கள் ஊர் ஏரியைப் போன கோடையில் பொக்லைன் வைத்துப் பத்தடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் சுமாராகப் பெய்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. வந்த தண்ணீரும் தை பிறப்பதற்குள் காணாமல் போய்விட்டது. ஆறும் ஏரியும் இயற்கை கொடுத்தபடி இருந்தவரை நன்றாக இருந்தன, மனிதன் கைவைத்த பிறகுதான் கெட்டன என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அது உண்மையா? பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா?" பார்த்தால் தூர்வாருவது பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் நீங்கள் கேட்பது, பழைய நிலை என்பது எது, அதில் எந்த இடத்தில் அறுந்தது என்றுதான். நான் சிவில் பொறியியல் படித்தவன். பாலாற்றுப் படுகையில் ஏரிகளை அளப்பதும் சீரமைப்பதுமாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் ஏரியை நான் பார்த்ததில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெரியவர்கள் சொன்னதில் பாதியைத் திருத்த வேண்டும். உங்கள் ஏரியை இயற்கை கொடுக்கவில்லை. வட தமிழ்நாட்டுச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. மழை இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஓடுகிற நீரை எங்காவது மறிக்க வேண்டும். அப்படிச் சரிவைப் பார்த்து, மூன்று பக்கம் நிலத்தையே கரையாக விட்டு, நாலாவது பக்கம் பிறை வடிவில் மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் ஏரி. தமிழ்நாட்டில் இப்படி ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் கணக்கில் இருக்கின்றன. மகேந்திரவாடி ஏரி முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது, குடைவரைக் கல்வெட்டே அதைச் சொல்கிறது. வீராணம் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வேலை. அதற்கும் வெகு முன்னால், பாரியின் பறம்பு நாட்டில் எட்டாம் பிறை போல் வளைந்த கரையுடைய சிறுகுளம் உடைந்து போவதைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். காப்பவன் போனதும் கரை உடைந்த செய்தி நம் இலக்கியத்தில் அவ்வளவு பழையது.

ஏரி தனியாக நிற்கும் பள்ளமும் இல்லை. மேலே நீர் கொண்டுவரும் வரத்துக்கால், நடுவில் கரை, கரையில் பாசனத்துக்குத் திறக்கும் மதகு, ஓரத்தில் உபரி வழியும் கலிங்கு, கலிங்கிலிருந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் கால் என்று இவை ஐந்தும் சேர்ந்தால்தான் அது ஏரி. ஓர் ஏரி நிறைந்து கலிங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கும் கீழே. இந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உங்கள் வட்டாரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. அந்த ஏரி நிறைந்தால் அதன் உபரி கொசஸ்தலையாற்றுக்குப் போகிறது. அந்த ஆறு 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து சென்னைக்குக் குடிநீராகிறது. பல்லவர் காலத்து ஏரியின் கலிங்கு நீர் ஓர் ஆற்றுக்குத் தலைநீராக இருக்கிறது. இதில் எது வரை இயற்கை, எங்கிருந்து மனித வேலை என்று கோடு கிழிக்க என்னால் முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இரண்டும் கலந்துதான் ஓடுகின்றன.

ஆறுகளும் அப்படித்தான். காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கொம்பில் அது காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழி, சரிவும் அதிகம். ஆகவே விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடப் பார்க்கும். தஞ்சைக்குப் போகும் கிளையில் மணல் படிந்து மேடாகும். கல்லணை எதற்காகக் கட்டப்பட்டது என்றால், ஸ்ரீரங்கம் தீவின் கீழ்முனையில் காவிரி மறுபடி கொள்ளிடத்தில் விழாமல் தடுத்துத் தஞ்சைப் பக்கம் திருப்பத்தான். கரிகாலன் கட்டியது என்பது மரபு. இன்று கண்ணுக்குத் தெரியும் கட்டடத்தில் எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் முறையை இந்த அணையிலிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று பிரிட்டிஷ் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார் என்பது பதிவில் உள்ளது.

காட்டன் செய்ததையும் அதனால் நடந்ததையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு அதில் பாடம் இருக்கிறது. 1830-களில் காவிரிக்கிளை மேடாகி டெல்டாவுக்குத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. 1836-இல் அவர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்துக்கு ஓடிய நீர் தடுக்கப்பட்டுக் காவிரிக்குத் திரும்பியது. பாசனம் பெருகியது. ஆனால் இப்போது காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் நுழைந்து கரையை அரிக்க ஆரம்பித்தது. அதைக் கட்டுப்படுத்தக் கல்லணையில் 1880-களில் ஷட்டர் வைத்த மதகுகள் கட்ட வேண்டியதாயிற்று. 1934-இல் மேட்டூர் அணை வந்தது. 93.47 டிஎம்சி கொள்ளளவு, ஒரு டிஎம்சி என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். அதற்கு மேலே கண்ணம்பாடி, பிறகு கபினி, ஹேமாவதி. அணைகள் தண்ணீரோடு வண்டலையும் மணலையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கீழே ஆற்றுக்கு வரும் புது மணல் குறைந்த அதே காலத்தில், இருக்கிற மணலை லாரியில் அள்ளுவது பெருகியது. 2018 ஆகஸ்டில் அந்த முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளியதால்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 182 வருடப் பழமையும் ஒரு காரணம்தான், ஆகவே ஒரே காரணத்தில் முடிச்சுப் போட நான் தயாராக இல்லை. ஆற்றுப்படுகை தாழ்ந்தால் அணையின் கீழ்ப்பக்க அடித்தளத்துக்கு ஆபத்து என்பது மட்டும் பொறியியலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம்.

ஆக, மனிதன் கைவைத்ததால் கெட்டது என்ற வாக்கியத்தை அப்படியே ஏற்க முடியாது. கைவைத்ததால்தான் உங்களுக்கு ஏரியே கிடைத்தது. கைவைத்தபின் தொடர்ந்து கவனித்தார்களா, ஓரிடத்தில் செய்தது மற்ற இடத்தில் என்ன செய்கிறது என்று பார்த்தார்களா என்பதில்தான் காலத்துக்குக் காலம் வித்தியாசம். மண் கரை தானாக நிற்காது. நண்டு வளையிடும், மழை அரிக்கும், மரம் வேர்விட்டுத் துளைக்கும், வரத்துக்கால் தூர்ந்துபோகும், ஒவ்வொரு வெள்ளமும் ஒரு படலம் வண்டலை விட்டுப்போகும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. அவற்றில் குடவோலையில் தேர்ந்தெடுக்கும் வாரியங்களில் ஏரி வாரியம் ஒன்று. ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலம் ஒதுக்கினார்கள். ஓடம் விட்டு வண்டல் வாருவதற்கென்றே அறக்கட்டளை வைத்த கல்வெட்டுகளும் உண்டு. அன்று தூர்வாருவது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் திட்டமாக இல்லை, வருடாவருடம் நடக்கும் வேலையாக இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேசுவது எனக்கு ஒப்பாது. கரைக்கு மண் சுமந்தவர்களும், இரவில் மதகைத் திறந்து அடைத்த நீர்கட்டிகளும் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். தண்ணீர் முதலில் யாருக்கு என்பதை நிலமும் சாதியும் தீர்மானித்தன. ஊரார் கூடி ஏரியைப் பராமரித்த குடிமராமத்து தன்னார்வச் சேவை என்று இன்று எழுதுகிறார்கள். அது தானாக நடக்காமல் போனபோது, 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேலை நடந்தது என்பது உண்மை. யார் முதுகில் நடந்தது என்பதும் உண்மை. அந்த முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதியை என்று கேளுங்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் வருவாய்க்கு உதவும் பெரிய அணைகளுக்குக் கவனமும் பணமும் போயின. சிறு ஏரிகள் ஊர்க்காரர் பொறுப்பு என்று சொல்லப்பட்டாலும் அதற்கான மானிய நிலமும் வருமானமும் அவர்கள் கையைவிட்டுப் போயிருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் ஒழிந்து ஏரிகள் அரசுக்கு வந்தன. ஆயக்கட்டு, அதாவது ஏரி பாசனம் தரும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை (இன்று நீர்வளத் துறை), அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள். காகிதத்தில் இது ஒழுங்கான பிரிவு. களத்தில் ஒரே சங்கிலியின் மேல் ஏரி ஒன்றியத்திடம், கீழ் ஏரி நீர்வளத் துறையிடம், இடையில் ஓடும் வாய்க்கால் வருவாய்த் துறைப் புறம்போக்கில், வாய்க்கால் தொடங்கும் மலையடிவாரம் வனத்துறையிடம். ஏரிக்குப் பணம் வரும்போது அந்த ஏரியின் எல்லைக்குள் செலவழிக்கத்தான் அனுமதி இருக்கும். உங்கள் ஊரில் வரத்துக்காலைத் தொடாமல் ஏரியின் உள்ளே மட்டும் தோண்டியதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த பெரிய மாற்றம் கிணறு. 1960-களிலிருந்து பம்ப்செட் பரவியது, பிறகு போர்வெல். 1990-லிருந்து விவசாயத்துக்கு முழுக்க இலவச மின்சாரம். ஆயக்கட்டிலேயே சொந்தக் கிணறு வைத்திருப்பவர், மதகு எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஏரியின் பராமரிப்புக் கூட்டத்துக்கு வர அவசரமும் இல்லை. கிணறு வெட்ட முடியாத சிறு விவசாயிதான் ஏரியை நம்பி நிற்கிறார், அவர் குரல் ஊரில் எடுபடாது. கிணறு பெருகிய ஊர்களில் ஏரிப் பராமரிப்பு தளர்ந்ததை ஆய்வுகளும் சொல்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்: மேற்கு மாவட்டங்களில் சில ஊர்கள் தாங்களாகவே மதகை அடைத்துவிட்டு, ஏரியைக் கிணறுகளுக்கு ஊறும் குளமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை என்பதற்காக அந்த ஏரி செத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இப்போது உங்கள் பாலாற்றுக்கு வருகிறேன். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்தாலும் அதன் மணலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிக்க நம் ஆட்கள் ஆற்றுப்படுகையிலிருந்தே ஊற்றுக்கால் வெட்டினார்கள். ஆற்றின் சரிவைவிட மெதுவான சரிவில் வாய்க்காலைக் கொண்டுபோனால், சில கிலோமீட்டரில் வாய்க்கால் ஆற்றைவிட உயரத்துக்கு வந்து ஏரியில் போய்ச் சேர்ந்துவிடும். மோட்டார் இல்லாமல், அணை இல்லாமல். இதற்கு ஒரே நிபந்தனை, வாய்க்கால் தொடங்கும் இடத்தில் மணல்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும். மணலை அள்ளி ஆறு தாழ்ந்ததும் என்ன ஆகிறது என்பதைப் போய்ப் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது. ஊற்றுக்காலின் வாய் ஆற்றங்கரையில் ஆள் உயரத்தில் தொங்கும். அதன் தரையில் பழைய வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், உள்ளே சீமைக்கருவேலம் முளைத்திருக்கும். கீழே ஆற்றில் வெள்ளம் போனாலும் இந்த வாய்க்கு எட்டாது. நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி ஏரியில் நிற்பவருக்கு இது தெரியாது. மழை பொய்த்தது என்றுதான் நினைப்பார்.

மணலின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆற்று மணலில் பிழிந்தெடுக்கக்கூடிய தண்ணீர் அதன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மீட்டர் மணலை எடுத்தால் பத்துக் கோடி லிட்டர் பிடிக்கும் தொட்டி போய்விட்டது என்று பொருள். அந்தத் தொட்டிக்கு ஆவியாதலும் கிடையாது, காவலும் தேவையில்லை. பாலாற்றுக்கு வேறு சிக்கல்களும் உண்டு. கர்நாடகத்தில் பேத்தமங்கலம் போன்ற தேக்கங்கள், ஆந்திரத்தில் தடுப்பணைகள். 1892-ஆம் ஆண்டு மைசூர் ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. வழக்கும் நடக்கிறது. மேலே உள்ளவர்கள் தடுத்தது எவ்வளவு, நாம் மணலை எடுத்துக் கெடுத்தது எவ்வளவு என்று கேட்டால், நம் மேடைகளில் பேசுவோர் முதலாவதை மட்டுமே சொல்வார்கள். இரண்டாவது நம் கையில் இருந்தது.

நகரத்தில் நடந்தது இதைவிட வெளிப்படையானது, சீக்கிரம் சொல்லிவிடலாம். சென்னையில் மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்து நீள ஏரி என்று வரைபடங்களில் இருந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் 1976-இல் எழுந்தது. அரசே செய்ததை மற்றவர்களும் செய்தார்கள். சங்கிலியில் நடு ஏரி ஒன்று மனைப்பிரிவானால் இரண்டு விளைவு: சாதாரண மழை ஆண்டில் கீழ் ஏரிக்கு வரத்து நின்று வறட்சி, பெருமழை ஆண்டில் அந்த மனைகளிலேயே வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் நின்ற தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் வந்தது. அந்த ஆண்டு செம்பரம்பாக்கம் திறப்பு பற்றிய சர்ச்சை தனி, அதில் தீர்ப்பு சொல்ல நான் முனையவில்லை.

கழிவுநீர் பற்றி எல்லோரும் பேசுவதால் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்துகிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை யாருக்கும் பயன்படாமல் போனது. இவை பெரிய பெயர்கள். ஆனால் சிறு ஊர் ஏரிகளில் நடக்கும் மாற்றம் வேறு வகை, அது கண்ணுக்கே தெரிவதில்லை. நம் ஏரி கோடையில் வற்ற வேண்டிய ஏரி. வற்றினால்தான் வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாக அடிப்பார்கள், உள்வாயில், அதாவது ஏரியின் உட்புற நிலத்தில், வெள்ளரி போடுவார்கள், மாடு மேயும், சேறு வெடித்துக் காற்று உள்ளே போகும். ஊர் பெரிதாகிச் சாக்கடை ஏரிக்குத் திரும்பியதும் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிற்கிறது. பார்க்க ஏரி நிறைந்திருப்பதாகத் தோன்றும். உள்ளே ஆகாயத்தாமரை மூடி, அடியில் கறுத்த சேறு சேர்ந்து, விராலும் கெண்டையும் போய் ஜிலேபி மீன் மட்டும் மிஞ்சும். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்பதைப் பெருமையாகச் சொல்லும் ஊர்களில், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்பேன்.

எவையெல்லாம் உறுதி, எவை அப்படியில்லை என்று இங்கே பிரித்து வைக்கிறேன். ஏரிகள் மனிதன் செய்தவை, சங்கிலி அறுந்திருக்கிறது, மணல்மட்டம் தாழ்ந்தால் ஊற்றுக்கால் நிற்கும், கிணறு பெருகினால் கூட்டுப் பராமரிப்பு தளரும் என்பவை உறுதி. ஏரிகளின் கொள்ளளவு எத்தனை சதவீதம் வண்டலால் குறைந்தது என்று செய்தித்தாள்களில் வரும் எண்களை நான் அப்படியே நம்புவதில்லை. பழைய கொள்ளளவு துல்லியமாக அளக்கப்படாத ஏரிகள் ஏராளம், ஒவ்வோர் ஏரியிலும் வண்டல் வரத்து வேறு. மழை குறைந்துவிட்டது என்பதும் அப்படித்தான். மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குவது இந்த மண்ணின் இயல்பு. குறைந்த நாட்களில் கூடுதலாகக் கொட்டுகிறது என்ற போக்கைப் பல ஆய்வுகள் காட்டினாலும், உங்கள் ஊர் ஏரி நிரம்பாததற்கு அதைக் காரணமாகச் சொல்லும் முன் வாய்க்காலைப் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் ஏரியின் கணக்கு இனி. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கோடி லிட்டர். ஏரி 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் ஒரு மீட்டர் தோண்டினாலே 40 கோடி லிட்டர் கூடுதல் பள்ளம். அதற்கே 40 ஹெக்டேரின் பத்து மடங்கு, அதாவது 400 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பிலிருந்து 100 மில்லிமீட்டர் நீர் வழிந்து வர வேண்டும். மழை 100 மில்லிமீட்டர் பெய்வது வேறு, வழிந்து வருவது வேறு. காய்ந்த நிலத்தில் முதல் மழைகளைப் பூமியே குடித்துவிடும். நீங்கள் தோண்டியதோ பத்தடி, மூன்று மீட்டர். பாத்திரம் பெரிதானது, ஊற்றும் தண்ணீர் கூடவில்லை.

தைக்குள் காணாமல் போனதற்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஏரியின் அடியில் பல நூறு ஆண்டுகளாகப் படிந்த களிமண் படலம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. அதை முழுக்க வாரிவிட்டு மொரம்போ (சரளை மண்) மணலோ தெரியும் வரை போனால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். சவுடு மண் எடுக்க அனுமதி வாங்கிய ஏரிகளில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. தோண்டிய மண் யூனிட் கணக்கில் விலைக்குப் போகிறதென்றால், எவ்வளவு ஆழம் என்பதை ஏரியின் தேவை தீர்மானிக்காது. கீழே இறங்கியது உங்கள் ஊர்க் கிணறுகளில் ஏறியிருந்தால் முழு நட்டமில்லை. ஆகவே மாசி, பங்குனியில் கிணற்று மட்டம் முந்திய ஆண்டுகளைவிட உயர்ந்ததா என்று விசாரியுங்கள். இன்னொன்று, மதகின் அடிக்கல்லுக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் ஒருபோதும் வாய்க்காலில் ஏறாது. மீனுக்கும் மாட்டுக்கும் கிணற்றுக்கும் உதவும், ஆயக்கட்டுக்கு உதவாது. கரையின் அடிவாரத்தை ஒட்டிப் பள்ளம் எடுத்திருந்தால் அது ஆபத்து, கரை உள்பக்கமாகச் சரியும். அப்படி இருந்தால் அடுத்த மழைக்கு முன் மண் நிரப்பி இறுக்கச் சொல்லுங்கள், இதில் தாமதம் வேண்டாம்.

பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டீர்கள். பாலாற்றில் மணல் மறுபடி படிவது நம் ஆயுளில் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. சில இடங்களில் படுகைக்குள் தரைக்கீழ்த் தடுப்பு கட்டி மணல்நீரின் மட்டத்தை உயர்த்தலாம். அது ஊர் செய்யக்கூடிய வேலை இல்லை. ஆனால் ஆற்றை நம்பாத, மழைநீரை மட்டும் வாங்கும் வரத்துக்கால்களும் உங்கள் ஏரிக்கு நிச்சயம் இருக்கும். அவற்றை மீட்க முடியும், நான் பார்த்த ஏரிகளில் நல்ல பலன் கொடுத்தது பெரும்பாலும் இந்த வேலைதான். செலவும் பொக்லைன் வாடகையில் சிறு பங்கு. கலிங்கையும் பாருங்கள். பழைய கலிங்குகளில் வரிசையாக நட்ட அணைக்கற்கள் இருக்கும். மழை முடியும் தறுவாயில் அவற்றுக்கிடையே களிமண்ணும் புல்கரணையும் வைத்து அடைத்துக் கூடுதலாக ஓரடி தேக்குவார்கள். இன்று பல ஏரிகளில் கற்கள் பிடுங்கப்பட்டிருக்கும். ஏரி உள்வாயில் பயிர் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் ஏறக் கூடாது, ஆகவே இரவோடிரவாகக் கலிங்கைத் தட்டிவிடுவதும் உண்டு. இது தொழில்நுட்பச் சிக்கல் இல்லை, ஊர்ச் சண்டை. ஊர்க்கூட்டத்தில்தான் தீரும். 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் துணைக்கு இருக்கிறது. ஆனால் உள்வாயில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை மட்டும் அகற்றிவிட்டு, வரத்துக்காலை மடக்கிப் போட்ட மனைப்பிரிவை விட்டுவைப்பதற்கு அதைப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே செய்யக்கூடியது இது. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், நில விவரங்கள் பதிந்த அ-பதிவேட்டையும் கேட்டு, வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று பதிந்த சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் ஏரியின் கலிங்கிலிருந்து உங்கள் ஏரி வரை அந்த எண்கள் வழியே நடந்து பாருங்கள். வயதான நீர்கட்டி யாராவது இருந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், வரைபடத்தில் இல்லாததும் அவருக்குத் தெரியும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய் இருக்கிறதா, இருந்தால் அதன் அடிமட்டம் வாய்க்காலைவிட உயர்ந்திருக்கிறதா என்று டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். கட்டட மேஸ்திரிகளிடம் இருக்கும் அதே டியூப் போதும். புதுச் சாலை ஓரடி உயரத்தில் குழாய் போட்டதால் மட்டுமே வரத்து நின்ற ஏரிகள் உண்டு. இதை ஆனி, ஆடியில் செய்தால் மழைக்கு முன் மனு கொடுக்கவும் வேலை நடக்கவும் நேரம் இருக்கும். மறுபடி ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு அதே வழியில் போய், தண்ணீர் எந்த இடம் வரை வந்து எங்கே திரும்புகிறது என்று பார்த்து எழுதுங்கள். அந்தக் குறிப்பும் மதகு அடிக்கல்லின் மட்டமும் கிடைத்தால், இன்னும் எவ்வளவு மண் எடுக்கலாம், அல்லது எடுத்ததில் எவ்வளவைத் திரும்ப நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.